ஒரு வசைக்கு விசாரணை, இன்னொன்றுக்குக் கைதட்டலா?

கேள்வி: நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். யூதப் படுகொலை பற்றிய பத்தி வந்தபோது, நன்றாகப் படிக்கிற மாணவன் ஒருவன் எழுந்து, “ஹிட்லர் செய்தது சரிதான் டீச்சர். மிச்சம் விட்டதால்தான் இன்று காஸாவில் இப்படி நடக்கிறது” என்றான். வகுப்பே கைதட்டியது. எனக்கு வாயடைத்துப் போனது. மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் படித்து நேரத்தை ஓட்டிவிட்டேன். இதே வகுப்பில் சென்ற பருவத்தில் ஒருவன் சக மாணவனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினான். அன்று மாலைக்குள் பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள், சங்கத்தினர் எல்லோரும் வந்துவிட்டார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். இப்போது ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொன்னால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. “வெண்மணிக்கு எவன் அழுதான், யூதனுக்கு நாம் அழ?” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. வகுப்பில் முஸ்லிம் மாணவிகள் இருக்கிறார்கள். நான் யூதர்களுக்காகப் பேசினால், காஸாவில் சாகிறவர்களை மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களோ? ஒரு வெறுப்புக்கு இவ்வளவு கொந்தளிப்பு, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி? திங்கட்கிழமை நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

அந்த மாணவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முதலில் நன்றி. எழுதியிருந்தால், இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் அவனை விட்டுவிட்டு அவனுடைய தெருவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எதிர்வினை பெரிதாக இருந்தால் அந்த வெறுப்பு பெரியது, எதிர்வினை இல்லையென்றால் அந்த வெறுப்பு சிறியது என்று நாம் நம்மையறியாமல் கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. சென்ற பருவத்தில் வசை வாங்கிய பையன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்பா அம்மா இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தது. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அரசு யோசிக்க வேண்டி வந்தது. அன்று மாலை உங்கள் பள்ளி வாசலில் திரண்ட கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்ற பலம். அதை மிகை என்று ஒருநாளும் நினைக்காதீர்கள்.

யூதர்களுக்கு அந்த அறையில் யாரும் இல்லை. இந்தியா முழுவதிலும் அவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஐயாயிரத்துக்கும் குறைவு. மாலையில் உங்கள் பள்ளிக்கு வந்து “என் பிள்ளையை எப்படிச் சொல்லலாம்” என்று கேட்க ஒரு தகப்பன் இல்லை. புகார் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வெறுப்புக்குக் கூச்சமும் இருப்பதில்லை. இதே சொற்களை ஒரு மாணவன் ஜெர்மனியில் சொல்லியிருந்தால் பள்ளி சும்மா இருந்திருக்காது. அங்கே யூதப் படுகொலை நடக்கவேயில்லை என்று பொதுவில் பேசுவதுகூடக் குற்றம். ஆனால் அதே நாட்டில் துருக்கியக் குடும்பத்துப் பிள்ளைகளையும் ரோமா மக்களையும் இளக்காரமாகப் பேசினால் அந்த அளவு கொதிப்பு எழுவதில்லை என்று அந்த மக்கள் நெடுங்காலமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எங்கே யார் பக்கத்தில் இருக்கிறார்கள், எந்தக் குற்றத்தை அந்த ஊர் தன் குற்றமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மக்களின் கோபம் கூடுகிறது, குறைகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டிய பையனுடன், விளக்கக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, யாராவது உட்கார்ந்து பேசினார்களா? டெல்டா மாவட்டப் பள்ளிகளுக்கு ஆலோசகராகப் போய்வருகிறேன். வாசலில் கயிற்றைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டு, கடைசி மணி அடித்ததும் பல்லால் முடிச்சை இழுத்து மறுபடி கட்டிக்கொள்கிற பையன்களைப் பார்க்கிறேன். விசாரணை அவர்கள் கையைத் தொட்டது, அதற்குமேல் போகவில்லை. கைதட்டல் வாங்கியவனையும் விசாரணைக்கு ஆளானவனையும் எதிரெதிராக வைத்து நீங்கள் குழம்புகிறீர்கள். என் கண்ணுக்கு இருவரும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். இருவரிடமும் இன்னும் ஒருவரும் பேசவில்லை.

யூத வெறுப்பு நல்லவர்கள் கண்ணிலும் படாமல் போவதற்கு ஆள் இல்லாதது மட்டும் காரணம் கிடையாது. சூசன் ஃபிஸ்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் மிகவும் பேசப்பட்டது. வெறுப்பு எல்லாம் ஒரே வார்ப்பு அல்ல என்பது அதன் சாரம். சில மக்களை ‘தாழ்ந்தவர்கள், திறமை இல்லாதவர்கள்’ என்று இகழ்கிறோம். வேறு சிலரை ‘கெட்டிக்காரர்கள், ஆனால் நம்மவர்கள் அல்லர், நம் பங்கைச் சுருட்டுகிறவர்கள்’ என்று பொறாமையோடு வெறுக்கிறோம். சாதி இழிவும் கறுப்பின மக்கள் மீதான வெறுப்பும் பெரும்பாலும் முதல் வகை. யூத வெறுப்பு இரண்டாம் வகை. முதல் வகை வெறுப்பைக் கேட்டால் மனசாட்சி உள்ளவருக்குச் சட்டென்று சுடும், ஏனென்றால் இளைத்தவனை மிதிப்பது அதில் தெரிகிறது. இரண்டாம் வகை பேசுகிறவன் தான் வலுத்தவனை எதிர்த்துப் பேசுவதாகவே நினைக்கிறான். கேட்கிறவனும் அப்படியே நினைக்கிறான். உங்கள் மாணவனுக்குக் கிடைத்த கைதட்டல் அங்கிருந்து வந்தது. கொடியவர்களை எதிர்த்து ஒரு வீரன் பேசுவதாக அந்தப் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள்.

செங்கொடி பறக்காத ஊர் டெல்டாவில் குறைவு. எனவே இதையும் சொல்ல வேண்டும். 1890-களிலேயே ஜெர்மானிய சமூக ஜனநாயகவாதிகள் யூத வெறுப்பை ‘மூடர்களின் சோஷலிசம்’ என்றார்கள். கந்துவட்டியும் சுரண்டலும் உண்மை, ஆனால் அதற்கெல்லாம் ஒரு மதத்தைக் கைகாட்டினால் சுரண்டுகிறவன் தப்பித்துப் போகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1933-ல் ஜெர்மனியின் மக்கள் தொகையில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பொறாமை வெறுப்பு எப்படி இருக்கும் என்று தமிழனுக்குச் சொல்லித்தர ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். இலங்கையில் நம் மக்கள் மீது விழுந்தது அதுதான். ‘தமிழர்கள் படித்துவிட்டார்கள், அரசு வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள், பல்கலைக்கழக இடங்களை அள்ளிக்கொள்கிறார்கள், கொழும்பில் கடை கடையாக வைத்திருக்கிறார்கள்’ என்ற பேச்சு பல பத்தாண்டுகள் ஓடியது. அப்படிப் பேசிய சிங்கள இளைஞன் தன்னைக் கொடியவனாக நினைக்கவில்லை. தன் பங்கைக் கேட்பதாக நினைத்தான். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1970-களில் பல்கலைக்கழகச் சேர்க்கையில், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்கும் தரப்படுத்தல் வந்தது. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி எரித்தார்கள். யாழ்ப்பாணத்து ஏழை மீனவனும் மலையகத்துத் தேயிலைத் தொழிலாளியும் எந்த அரசு வேலையைப் பிடித்திருந்தார்கள்? வெறுப்பு அதைக் கேட்கவில்லை. பாக் நீரிணையைக் கடந்து படகில் வந்தவர்களை வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகளில் சிலர் பார்த்தே இருப்பார்கள். ‘அவர்கள் வசதியானவர்கள், அவர்களுக்கு என்ன குறை’ என்ற சொல் எங்கே போய் முடியும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

பழிபோடுவதிலும் இந்த வெறுப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. 1348-ல் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. யூதர்களும்தானே அதே நோயில் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். இதைப் படிக்கும்போது 2020 மார்ச், ஏப்ரல் மாதங்கள் நினைவுக்கு வராமல் போகுமா? டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள்தான் கொரோனாவைப் பரப்பினார்கள் என்று செல்போனில் வீடியோக்கள் பறந்தன. அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் சொன்னது. அதற்குள் எத்தனையோ தெருக்களில் முஸ்லிம் வியாபாரிகளைப் பார்த்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உங்கள் வகுப்பு மாணவிகளின் வீடுகளுக்கு அது பழைய வரலாறாக இருக்காது.

இப்போது உங்கள் மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் வலி இருக்கிறது, அதை மதிக்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். 44 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. அன்று பலரும் அதைக் கூலித் தகராறு என்றே சொல்லிக் கடந்தார்கள். தாழிடப்பட்ட குடிசைக்குள் ஏன் தலித் தெருவின் மக்கள் மட்டும் இருந்தார்கள் என்று கேட்க நெடுங்காலம் பிடித்தது. ஆகவே அவருடைய மனக்குறைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் வெண்மணிக்கு அழுதவர்களும் இருந்தார்கள். காந்தியவாதித் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வந்தார்கள், தங்கினார்கள், அந்த மண்ணின் பெண்கள் பெயருக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்கள். அவர்கள் இங்கே பிறந்தவர்கள் அல்லர். தூரத்துத் துயரத்துக்காக வந்தவர்கள்தான். ‘எங்களுக்கு யாரும் அழவில்லை, ஆகவே நாங்களும் யாருக்கும் அழ மாட்டோம்’ என்பது வெண்மணிக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. இறந்தவர்களைக் கொள்முதல் நிலையத்து நெல் மூட்டைபோல் ஒரு தட்டில் இவர்களையும் மறு தட்டில் அவர்களையும் வைத்து நிறுக்கும்போது, இரண்டு தட்டிலும் இருப்பவர்கள் மனிதர்கள் என்பது மறந்துபோகிறது.

இந்த இரண்டு துயரங்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். நாஜிகளின் யூத வெறுப்புக்கும் தீண்டத்தகாதவர்கள் மீதான சனாதனத்தின் வெறுப்புக்கும் கொள்கையிலும் விளைவிலும் வேறுபாடு இல்லை என்று இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அம்பேத்கர் எழுதினார். பல விஷயங்களில் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்ற காந்தியும், 1938 நவம்பர் 26 ‘ஹரிஜன்’ இதழில், கிறிஸ்தவ உலகம் யூதர்களை நடத்திய விதம் இந்துக்கள் தீண்டத்தகாதவர்களை நடத்திய விதத்தோடு மிகவும் ஒத்திருக்கிறது என்று எழுதினார். அதே கட்டுரையில், இங்கிலாந்து ஆங்கிலேயர்களுக்குச் சொந்தம் என்பதுபோல் பாலஸ்தீனம் அரேபியர்களுக்குச் சொந்தம் என்றும் எழுதினார். யூதர்களுக்கு அவர் சொன்ன அகிம்சை யோசனையைப் பலர் அன்றே ஏற்கவில்லை, எனக்கும் அது ஏற்புடையதல்ல. என்றாலும், யூதர்களுக்காக இரங்குவதற்குப் பாலஸ்தீனர்களைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு ஒரே கட்டுரையில் சான்று இருக்கிறது. உங்கள் கலக்கத்துக்கு அது உதவும்.

காஸாவைத் தொடாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது, தொடாமல் இருக்கவும் கூடாது. 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள், அவர்களில் குழந்தைகள் ஏராளம். அதைப் பார்த்து ஒரு பதினைந்து வயதுப் பையன் கொதிக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அவன் கோபத்தில் பிழை இல்லை. ஓர் அரசின் செயலுக்கு, அந்த அரசு பிறப்பதற்கு முன்பே கொல்லப்பட்ட மக்களைப் பொறுப்பாக்கியதுதான் பிழை. ஹிட்லர் கொன்ற 60 லட்சம் பேரில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். இஸ்ரேல் அரசைக் கண்டித்து ஊர்வலம் போகிற யூதர்களும் இன்று இருக்கிறார்கள். இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்பதையும் நீங்கள் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லிப் பாலஸ்தீனர்களுக்காகப் பேசுகிறவர்களின் வாயை அடைப்பதும் உலகில் நடக்கிறது. அதைப் பிள்ளைகள் அறிவார்கள். நீங்கள் மறைத்தால் உங்களை நம்ப மாட்டார்கள்.

சரி, திங்கட்கிழமை.

வகுப்புக்கு முன்பே அந்த மாணவனைத் தனியாகப் பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் வேண்டாம், வராந்தாவில், மரத்தடியில், எங்கேயாவது. “அப்படிச் சொல்லலாமா” என்று தொடங்காதீர்கள். “அதை எங்கே பார்த்தாய்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வீடியோவைச் சொல்வான். உலகத்தையே சில யூதக் குடும்பங்கள் ஆட்டிவைக்கின்றன என்கிற வகையறா. அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ 1903-ல் ரஷ்யாவில் வெளிவந்த போலி என்பதையும், வேறொரு பழைய பிரெஞ்சு நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடப்பட்டது என்று லண்டன் டைம்ஸ் 1921-லேயே நிரூபித்துவிட்டது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். படிக்கிற பையன்களுக்குத் தாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்பது உறைக்கும். காஸா பற்றிய அவன் கோபத்தை நீங்கள் மறுக்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வகுப்பின் முன் அவனை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். கைதட்டல் வாங்கிய வாயால் எல்லோர் முன்னிலையிலும் பின்வாங்கச் சொன்னால் அந்தக் கருத்தை அவன் இறுகப் பற்றிக்கொள்வான்.

வகுப்பில், “அன்று நான் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தோடு தொடங்குங்கள். எலும்புக் குவியல் படங்களைக் காட்டாதீர்கள். அந்த வயதில் அவை திகிலாகவோ வேடிக்கையாகவோ ஆகிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். 1938 நவம்பர் 15-ல் ஜெர்மனியின் அரசுப் பள்ளிகளிலிருந்து யூதப் பிள்ளைகள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இன்று இல்லை, வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கென்று இடதுபக்கம் தனி பெஞ்சுகள் ஒதுக்கினார்கள். அதில் உட்கார மறுத்துப் பலர் பாட வேளை முழுதும் நின்றுகொண்டே குறிப்பெடுத்தார்கள். யூதர் அல்லாத சில மாணவர்களும் பேராசிரியர்களும் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். தனி பெஞ்சு, தனி டம்ளர் என்பதெல்லாம் என்ன என்று டெல்டாப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களாகவே பேசுவார்கள். பேசினால் விடுங்கள், வேறு யாருடைய கதையாவது வந்தாலும் தடுக்காதீர்கள்.

முஸ்லிம் மாணவிகளிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்டு எல்லோரையும் அவர்கள் பக்கம் திரும்ப வைக்காதீர்கள். அவர்கள் பாலஸ்தீனத்தின் தூதர்கள் அல்லர், பத்தாம் வகுப்பு மாணவிகள். ஆனால் அவர்கள் காதில் விழும்படி ஒன்று சொல்லலாம். 2018-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூதத் தொழுகைக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவனும், 2019-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனும் ஏறக்குறைய ஒரே கட்டுக்கதையை நம்பியவர்கள். வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வெள்ளையர்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்பது அந்தக் கதை. பிட்ஸ்பர்க் குடும்பங்களுக்கு அமெரிக்க முஸ்லிம்கள் நிதி திரட்டினார்கள். கிறைஸ்ட்சர்ச் குடும்பங்களுக்குப் பிட்ஸ்பர்க் யூதர்கள் திரட்டினார்கள்.

மூத்த ஆசிரியரிடம் மற்றவர்கள் முன்னிலையில் விவாதிக்க வேண்டாம். முடிந்தால் வெண்மணிப் பாடத்தை வகுப்பில் அவரே வந்து நடத்தும்படி கேளுங்கள். ஒரு பாட வேளையை அவருக்கு ஒதுக்குங்கள். அவர் கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் உங்களிடமிருந்து வர முடியாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியவனும் அன்று வகுப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையாக ஒன்று. தலைமையாசிரியரிடம் காலையிலேயே சொல்லி, எதை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் நடத்துகிறீர்கள் என்பது அதில் இருக்கட்டும். யாராவது அரை நிமிடம் படம்பிடித்து ‘டீச்சர் இஸ்ரேலுக்கு ஆதரவு’ என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தத் தாள் உங்களுக்குத் துணை நிற்கும். ஒரே பாட வேளையில் அவன் மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் முறைத்துக்கொண்டே வந்தாலும் அவனிடம் தொடர்ந்து பேசுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் இன்னொரு முறை அவனைத் தனியாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.